கடிதம் வாசிச்சுக் கொடுத்தவர்களும் போன் அழுத்திக் கொடுப்பவர்களும்

எங்கட வயதில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இப்போது ஒரு சம்பளமில்லாத உத்தியோகம் இருக்கிறது. "பிள்ளை, இதில என்னவோ எழுதி வருது, ஒருக்காப் பார்." "தம்பி, கனடாவுக்கு ஒரு கோல் எடுத்துத் தா." "இவன் என்ன அனுப்பியிருக்கிறான், திறக்குதில்லை." கம்பஸ் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், பையை இறக்கி வைக்க முதலே அம்மம்மாவின் போன் எங்கட கைக்கு வந்துவிடும்.

இதைப் பற்றி எழுதுபவர்கள் வழமையாக இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். முதியவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது, பாவங்கள், இளம் ஆக்கள்தான் கைகொடுக்க வேண்டும் என்பது ஒரு கதை. இந்தப் போன் வந்துதான் குடும்பங்கள் கெட்டது, முந்தி எல்லாரும் ஒன்றாயிருந்து கதைத்தோம் என்பது மற்றக் கதை. இரண்டும் எங்கட வரலாற்றோடு ஒட்டாது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் நூறு வருடத்துக்கும் மேலாகப் பிரிந்து பிரிந்தே வாழ்ந்திருக்கின்றன. அந்தப் பிரிவை ஏதோவொரு தொழில்நுட்பத்தால்தான் கட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தொழில்நுட்பத்துக்கு நடுவில் எப்பவும் ஒரு இடையாள் இருந்தார். இன்றைக்கு அந்த இடையாளாக இருப்பது நாங்கள். ஆகவே, எங்களுக்கு முதல் அந்த வேலையைச் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது பிரயோசனமானது.

மணியோடர் காலம்

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து, யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். பிரித்தானியர் அங்கே ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள், கந்தோர்களைத் திறந்துகொண்டிருந்தார்கள். கிளாக்கர்மாரும் ஸ்ரேசன் மாஸ்டர்மாரும் தேவைப்பட்டார்கள். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரைக்கும் ரயில் பாதை முழுதாக இணைந்ததே 1905இல்தான். அதற்கு முதலே யாழ்ப்பாணத்து ஆக்கள் மலாயாவில் ரயில்வே வேலையில் இருந்தார்கள். அங்கிருந்து மணியோடர் வந்தது. அந்தக் காசில் கல்வீடுகள் எழும்பின, கோயில் திருப்பணிகள் நடந்தன, சீதனங்கள் கொடுக்கப்பட்டன. ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியவர்களை 'மலாயன் பென்சனியர்' என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை இன்னும் ஞாபகம் வைத்திருக்கும் வயதானவர்கள் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள்.

மணியோடரோடு கடிதமும் வந்தது. உடுவிலில் 1824இலேயே பெண் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் எழுத வாசிக்கத் தெரியாத பெண்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். சாதியைச் சொல்லிப் பள்ளிக்கூட வாசலில் மறிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இப்படியான வீடுகளுக்குக் கடிதம் வந்தால், யாரோ ஒருவர் வாசித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பேரன், பக்கத்து வீட்டு வாத்தியார், சில நேரம் தபால்காரரே. பதில் எழுதுவதும் அவர்தான்.

இந்த வாசிச்சுக் கொடுக்கிற வேலை வெளியில் பார்க்கச் சின்ன வேலை. உள்ளே பெரிய அதிகாரம் இருந்தது. மணியோடரில் எவ்வளவு வந்தது என்பது வாசிப்பவருக்குத் தெரியும். மகன் அங்கே கலியாணம் முடித்துவிட்டான் என்பதும், சுகமில்லாமல் கிடக்கிறான் என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும். கூடாத செய்தியை மெல்லமாகச் சொல்லுவதா, அப்படியே வாசிப்பதா, ஒரு வரியை விட்டுவிடுவதா என்று தீர்மானிப்பதும் அவர்தான். தாயொருத்தி மகனிடம் அழுது சொல்ல நினைத்ததை, எழுதுபவர் "நாங்கள் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்று முடித்துவிட்டால், மகனுக்குப் போய்ச் சேருவது அவ்வளவுதான்.

தொடர்பு முழுதாக அறுந்த காலமும் இருந்தது. 1942 தொடக்கத்தில் மலாயாவும் சிங்கப்பூரும் யப்பானியர் கைக்குப் போயின. இலங்கை பிரித்தானியர் கையில் இருந்தது. 1945இல் போர் முடியும்வரை தபால் நின்றது, மணியோடர் நின்றது. இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு 'செய்தியில்லாத வருடங்கள்' என்பது 1990இல் தொடங்கிய அனுபவம் கிடையாது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முதலே சில பூட்டிகள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

லயத்துக்கு வராத கடிதம்

மலையகத்தில் இந்தக் கதை இன்னும் கொடுமையானது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கையாகப் பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கு போட்டன. பங்கு போடப்பட்டது குடும்பங்கள். அண்ணன் ஹற்றனில், தம்பி நீலகிரியில். மகளைக் கலியாணம் கட்டிக் கொடுத்த குடும்பம் இங்கே, தாய் தகப்பன் அங்கே. தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியவரைக்கும் அந்தப் பாதையில் அழுகை நிற்கவில்லை. போர் தொடங்கியபின், 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது.

அவர்களுக்கும் கடிதம்தான் ஒரே வழி. ஆனால் லயத்துக்குத் தனி விலாசம் இல்லை. தோட்டத்தின் பெயருக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகும், அங்கிருந்துதான் ஆட்களிடம் போய்ச் சேரும். இடையில் தொலைவதும் பிந்துவதும் சாதாரணம். வீட்டிலக்கத்தோடு ஒரு விலாசம் வேண்டும் என்பது மலையக மக்கள் இன்றுவரை கேட்கும் உரிமைகளில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் கடிதத்தின் இடையாள் வீட்டுப் பேரனாகவாவது இருந்தான். மலையகத்தில் அது தோட்ட நிர்வாகம். நடுவில் நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து உறவின் கதியே மாறிவிடுகிறது.

டைனமோ சுற்றிய தலைமுறை

1983 யூலைக்குப் பிறகு வெளிக்கிட்டவர்களின் தொகை முன்னெப்போதும் இல்லாதது. தமிழ்நாடு, ஐரோப்பா, கனடா, அவுஸ்ரேலியா என்று ஒரே குடும்பம் நாலு நாட்டில் சிதறியது. பிறகு 1990 யூனில் போர் திரும்பவும் வெடித்தபோது, யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது. பொருளாதாரத் தடையில் பற்றரி வராது, எரிபொருள் வராது. எரிபொருள் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் பொன் மாதிரி ஆனது.

எங்களுக்கு முந்தின தலைமுறை இதற்குள் வாழ்ந்த விதத்தைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்கோ. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்னில் றேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசைக்காக ஒரு ஆள் சுற்ற, நாலு வீட்டு ஆக்கள் சுற்றிவர நின்று கேட்டார்கள். காபரேற்றரில் துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் இரவு முழுக்க எரியும் விளக்குச் செய்தார்கள். அந்த விளக்கில் படித்துச் சோதனை எடுத்தவர்கள்தான் எங்கட அம்மாமாரும் மாமாமாரும்.

இப்போது அதே ஆக்களைப் பார்த்து "அவைக்கு ரெக்னோலொஜி விளங்காது" என்று சொல்வது வரலாற்றுப் பிழை. ஒரு கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கி, அதைக் கழற்றி, வேறொன்றாக மாற்றத் தெரிந்த தலைமுறை அது. இன்றைய ஸ்மார்ட் போன் கழற்றிப் பார்க்க விடாது. படங்களை வைத்து ஊகிக்கச் சொல்லும், ஒவ்வொரு அப்டேற்றுக்கும் பட்டனை இடம் மாற்றும், அரைவாசி நேரம் ஆங்கிலத்தில் கதைக்கும். அவர்கள் தடுமாறினால், தடுமாற வைக்கிற மாதிரி செய்யப்பட்ட கருவியையும் ஒருக்கால் யோசிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் செய்தி எப்படிப் போனது? கிளாலிக் கடலேரியால் படகில் போகிறவர்கள் கையில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து வெளிநாட்டுக்குத் தபால். சிலர் வவுனியாவில் பாஸ் எடுத்து, கொழும்பில் லொட்ஜில் அறை எடுத்துத் தங்கி, மகனோடு பத்து நிமிசம் ரெலிபோனில் கதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். செஞ்சிலுவைச் செய்திப் படிவமும் இருந்தது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம், போரால் பிரிந்தவர்களுக்கும் தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கும் நடுவில் அந்தப் படிவங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது. அது ஒட்டாத, திறந்த கடிதம். குடும்பச் செய்தி மட்டுமே எழுதலாம். யாரும் வாசிக்கலாம் என்று தெரிந்துகொண்டே எழுத வேண்டும். அதனால் அந்தக் கடிதங்களில் சொல்லாமல் விட்டதுதான் கூட.

இந்த இடத்தில் இன்னொரு பிரிவையும் சொல்லாமல் போக ஏலாது. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம்தான். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் இருந்தார்கள். ஒரே ஒழுங்கையில் வாழ்ந்தவர்கள், ஒன்றாய்ப் படித்தவர்கள், ஒருவர் வீட்டுக் கலியாணத்துக்கு மற்றவர் போனவர்கள். அவர்களுக்கிடையில் ஒரு கடிதம்கூடப் போகாத வருடங்கள் இருந்தன. உறவைத் திருத்துவது என்று கதைக்கும்போது இரத்த உறவோடு நிறுத்திக்கொள்வது எங்களுக்கு வசதியாக இருக்கலாம். எங்கட அம்மம்மாமாருக்கு உறவு என்பது அதைவிட அகலமாக இருந்தது.

கொமியூனிகேசன் வாங்கில்

1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அடுத்த வருடம் சனம் திரும்பத் தொடங்கியது. பிறகு மெல்ல மெல்ல 'கொமியூனிகேசன்' என்று சொல்லும் கடைகள் வந்தன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது அவை சந்திக்குச் சந்தி பெருகின.

இன்றைக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கிற யாரைக் கேட்டாலும் அந்தக் கடைகளைப் பற்றிச் சொல்வார்கள். "நாளைக்குப் பின்னேரம் அஞ்சு மணிக்கு மகன் எடுப்பாராம்" என்று கடைக்காரப் பொடியன் சைக்கிளில் வந்து சொல்லிவிட்டுப் போவான். அடுத்த நாள் தாய் நல்ல சேலை உடுத்திக்கொண்டு நாலு மணிக்கே போய் வாங்கில் இருப்பா. முகம் தெரியாத ரெலிபோனுக்கு ஏன் நல்ல சேலை என்று கேட்காதீங்கோ. அது அவவுக்கு மகனைப் பார்க்கப் போகிற நாள். பெட்டிக்குள் நின்று கதைத்தாலும் வாங்கில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும். தங்கச்சியின் சம்பந்தம், அனுப்பின காசு, வீட்டுச் சண்டை எல்லாம் ஊருக்குத் தெரிந்துதான் நடந்தது. கடைக்காரர் புதிய இடையாள். மீற்றர் ஓட ஓட, சொல்ல நினைத்தது தொண்டைக்குள் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து பேசிப் பதிந்த காசெற்றுகள் வந்தன. இங்கிருந்து கலியாண வீட்டு வீடியோக்களும் செத்த வீட்டு வீடியோக்களும் அங்கே போயின. தாயின் செத்த வீட்டை வீடியோவில் பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணி வைத்ததில்லை. கந்தோர் கணக்கில் வராத எண்ணிக்கை அது.

2006 ஓகஸ்டில் ஏ9 திரும்பவும் மூடப்பட்டது. குடாநாட்டில் கைத்தொலைபேசிகளும் நிறுத்தப்பட்டன. நெற்வேர்க் என்பது அரசாங்கம் நினைத்தால் அணைக்கக்கூடிய விளக்கு என்று எங்கட பெற்றோர் அப்பவே படித்துவிட்டார்கள். நாங்கள் அதை 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறைக்குப் பிறகும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரலில் அரகலய நாட்களிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது படித்தோம். சோமாலியாவில் கப்பலில் வேலை செய்கிற தம்பியோடோ, குவைத்தில் வீட்டு வேலை செய்கிற அக்காவோடோ கதைக்கும் ஒரே வழி வைபரும் ஐஎம்ஓவும்தான் என்றிருந்த குடும்பங்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும்?

வீடியோ கோல் எதைத் திருத்தியது, எதைத் திருத்தவில்லை

ஸ்கைப் 2003இல் வந்தது, வைபர் 2010இல். வட்ஸ்அப்பில் 2013இல் குரல் பதிந்து அனுப்பும் வசதியும், 2015இல் கோலும், 2016இல் வீடியோ கோலும் வந்தன. இந்தப் பட்டியலில் எங்கட வீடுகளுக்கு மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால், நாங்கள் அந்தக் குரல் செய்தியைத்தான் சொல்லுவோம். தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரியாத, பாமினியா யுனிகோட்டா என்று கவலைப்படாத ஒரு அப்பம்மா, மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தன் வாயாலேயே தன் செய்தியைச் சொல்லலாம். எழுதிக் கொடுக்க ஆள் வேண்டாம், வாசித்துக் கொடுக்க ஆள் வேண்டாம். நூறு வருடத்தில் முதல் தடவையாக, எழுத்தறிவில்லாத ஒரு பெண் இடையாள் இல்லாமல் கடல் தாண்டிக் கதைக்கிறாள்.

ஆனால் தொடர்பு கிடைத்தால் உறவு தானாகத் திருந்திவிடும் என்று நினைப்பதும் சரிவராது. எங்கட குடும்பங்களில் கோபத்துக்குக் காரணங்கள் குறைவில்லை. வெளிநாட்டில் இருப்பவரின் காணிக்கு அற்றோர்னித் தத்துவம் எடுத்தவர் அதை விற்ற கதை. சாதி மாறிக் கலியாணம் கட்டினதால் படியேறாமல் விட்ட கதை. இயக்கத்துக்குப் போனவன், போகாதவன், காட்டிக் கொடுத்தவன் என்ற சந்தேகங்கள். செத்த வீட்டுக்கு வரேல்ல, காசு அனுப்பேல்ல, அனுப்பின காசுக்குக் கணக்குச் சொல்லேல்ல. போன் இவற்றைத் தீர்க்காது. சில வேளை கூட்டியும் விடும். குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் ஒரு குரல் செய்தியை வேறொருவருக்குப் போர்வேட் பண்ணியதால் உடைந்த உறவுகள் எத்தனை!

எங்கட தோழி ஒருத்தியின் அப்பம்மா வலிகாமத்தில் இருக்கிறா. அவவின் தங்கச்சி பாரிசில். தாய் வழி வந்த ஒரு காணித் துண்டுக்காகப் பதினொரு வருடம் இரண்டு பேரும் கதைக்கவில்லை. தோழி பாரிசில் இருக்கிற மச்சாளைப் பேஸ்புக்கில் பிடித்தாள். இரண்டு பேத்திகளும் நாள் குறித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிழவிகளையும் போனுக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தினார்கள். காணியைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வீட்டுக் கிணற்றில் தண்ணி வத்திச்சோ, அந்த விலாட்டு மாமரம் நிக்குதோ, உனக்குப் பல்லு எல்லாம் எங்க போச்சு என்று நாற்பது நிமிசம் போனது. அடுத்த ஞாயிறும் கதைத்தார்கள். அதற்கடுத்த ஞாயிறும்.

பிறகு கம்பஸ் தொடங்கியது. தோழி பேராதனைக்குப் போனாள். ஆறு வாரம் இரண்டு கிழவிகளும் கதைக்கவில்லை. கோபமில்லை, அழுத்திக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. பாரிசில் இருந்தவவோ, "அக்கா திரும்பவும் முகத்தைத் திருப்பிவிட்டா" என்று நினைத்துவிட்டா. பதினொரு வருடக் கோபத்தைக் கடந்து வந்த உறவு, ஒரு பேத்தியின் பஸ் ரிக்கற்றில் அறுந்து விழப் பார்த்தது. தோழி அடுத்த விடுமுறையில் செய்த முதல் வேலை, தங்கச்சியின் படத்தை முகப்பில் வைத்து, அதைத் தொட்டால் கோல் போகிற மாதிரி அமைத்துக் கொடுத்தது. இரண்டாவது வேலை, அதை அப்பம்மா தன் கையால் இருபது தடவை செய்யும்வரைக்கும் பக்கத்தில் இருந்தது.

மலாயாக் காலத்துக் கடிதத்தில் கண்ட விசயம்தான் இது. இடையாள் இல்லாவிட்டால் உறவும் இல்லை என்ற நிலையில் ஒரு மனிசரை வைத்திருந்தால், நாங்கள் எவ்வளவு அன்பாக உதவி செய்தாலும் அவரின் உறவு எங்கட கையில்தான் இருக்கிறது.

அப்ப நாங்கள் என்ன செய்யிறது?

இந்த வரலாற்றிலிருந்து எங்களுக்குக் கிடைக்கிற சில பாடங்களை எழுதிவைக்கிறோம். உங்கட வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கோ.

முதலாவது, போன் அவர்கள் கையில் இருக்கட்டும். "தாங்கோ, நான் செய்து தாறன்" என்று வாங்கினால் ஒரு நிமிசத்தில் வேலை முடியும், அடுத்த முறையும் உங்களைத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் விரல் அழுத்தட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கோ. ஒரு நாளைக்கு ஒரு விசயம் போதும். ஒரு சீ.ஆர். கொப்பியில் பெரிய எழுத்தில், அவர்களின் சொல்லிலேயே எழுதி வையுங்கோ. 'பச்சைப் பெட்டியைத் தொடு, மகளின் முகத்தைத் தொடு, கமரா படத்தைத் தொடு.' மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினவருக்கு ஒழுங்கு முறை சொன்னால் விளங்கும். ஏன் அப்படி என்று காரணமும் சொன்னால் இன்னும் விரைவாய் விளங்கும்.

இரண்டாவது, போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றலாமா என்று கேளுங்கோ, எழுத்தைப் பெரிசாக்குங்கோ. ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ. சிலருக்கு அந்தத் தமிழ் ஆங்கிலத்தைவிட விளங்காது. 'அமைப்புகள்' என்று ஒரு சொல்லைப் பார்த்தால் ஏதோ இயக்கம் என்று நினைப்பார்கள்.

மூன்றாவது, ரகசியம். கடிதம் வாசித்துக் கொடுத்தவருக்கு இருந்த அதிகாரம் இப்போது எங்களிடம் இருக்கிறது. பாஸ்வேட் எங்களுக்குத் தெரியும், அவர்களின் செய்திகளைத் திறக்க முடியும். அவர்கள் கேட்காமல் திறக்கக் கூடாது. ஒரு பக்கத்தின் செய்தியை மறுபக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. வங்கியிலிருந்து கதைக்கிறோம், பரிசு விழுந்திருக்கு, ஓ.ரி.பி. இலக்கத்தைச் சொல்லுங்கோ என்று வரும் கோல்களைப் பற்றிப் பயப்படுத்தாமல் விளங்கப்படுத்துங்கோ. "அந்த இலக்கம் வீட்டுத் திறப்பு மாதிரி, கேட்கிறவன் ஆராயிருந்தாலும் கொடுக்கிறதில்லை" என்றால் போதும்.

நாலாவது, பழைய இலக்கத்தை மாற்றச் சொல்லி வற்புறுத்தாதீங்கோ. செஞ்சிலுவைச் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1990 முதல் அவர்களிடம் பதிவான காணாமல் போனவர்கள் 16,000 பேருக்கும் மேல். அப்படியான ஒரு வீட்டில் ஒரு தாய் பழைய சிம்மை விடமாட்டேன் என்று நின்றால், அது பிடிவாதம் கிடையாது. புதிய போனில் அந்தச் சிம்மையும் போட்டுக் கொடுப்பதுதான் எங்கட வேலை.

ஐந்தாவது, வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எல்லாக் கோபத்துக்கும் எங்களுக்குத் தெரியாத ஒரு காரணம் இருக்கலாம். எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்துவைப்பது எங்கட பொறுப்பில்லை. கதவைத் திறந்துவைக்கலாம், பிடித்துத் தள்ள ஏலாது.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம். அதற்குப் பிறகு அந்த வீதம் ஏறிக்கொண்டுதான் போகிறது. எங்கட பகுதிகளில் பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தாய் தகப்பன் மட்டும் பெரிய வீட்டில் தனியே என்ற நிலை சாதாரணமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது, பராமரிப்புக் கேட்டு முறையிட ஒரு சபையையும் அமைத்திருக்கிறது. ஆனால் கூப்பிட்டுக் கதைக்க வைக்க ஒரு சட்டத்தாலும் ஏலாது. நெனசல அறிவகங்கள் ஊருக்குள் கணினியைக் கொண்டுவந்தன. அங்கே போய்ப் படித்தவர்களில் கூடப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். முதியவர்களுக்கான வகுப்பு எங்கட வீட்டு விறாந்தைதான், வாத்தியார் நாங்கள்தான்.

அந்த வகுப்பில் படிப்பு இரண்டு பக்கமும் நடக்கலாம். அவர்கள் வீடியோ கோல் எடுக்கப் படிக்கும்போது, நாங்கள் கிளாலியையும் டைனமோவையும் கொமியூனிகேசன் வாங்கிலையும் கேட்டு, அனுமதியோடு குரலாகப் பதிந்து வைக்கலாம். மேலே நாங்கள் எழுதினதில் அரைவாசி எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அது அவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது, அதற்கு எங்கேயும் பிரதி இல்லை.

அடுத்த முறை வீட்டில் "இதை ஒருக்காப் பார் பிள்ளை" என்று போனை நீட்டினால், அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: "நீங்கள் கதைக்கவேணும் எண்டு நினைச்சும் கதைக்காமல் விட்ட ஆள் ஆராவது இருக்கினமோ?" புத்தளத்தில் இருக்கிற பழைய அயலவராக இருக்கலாம், நீலகிரியில் இருக்கிற தம்பியாக இருக்கலாம், பாரிசில் இருக்கிற தங்கச்சியாக இருக்கலாம். ஒரு பெயர் சொன்னால், அந்த இலக்கத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கோ. எப்ப அழுத்துவது, அழுத்துவதா வேண்டாமா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.